கன்னத்தில் ஒரு கம்பி, குக்கரில் ஒரு கட்டர்

போன சனிக்கிழமை மதியம், அதற்கு முன் ஒரே ஒரு தடவை பார்த்திருந்த ஒரு பெண்ணின் வீட்டுக் குளியலறையில், கண்ணாடி முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். கையில் ஒரு கட்டர். வாய்க்குள் ஒரு கம்பி. வெட்ட வேண்டியது கம்பியை. நழுவினால் போவது கன்னம்.

ஏன் இந்த நிலைமை? ஊரில் டாக்டர் இல்லையா?

இருக்கிறார்கள். அமெரிக்காவில், ரிச்சர்ட்சனில் நான் ஆபீஸ் போகும் வழியில் மட்டும் பல் சீரமைக்கும் டாக்டர்களின் போர்டு ஐந்து. ஐந்திலும் ஒரே சிரிப்பு, ஒரே வெள்ளை. அந்த ஐந்து பேருமே என் வாயைத் தொடமாட்டோம் என்றார்கள்.

வழக்கமாக இந்தப் பக்கத்தில் உங்களைச் சிரிக்க வைக்கப் பார்ப்பேன். இந்த வாரம் மன்னித்துக்கொள்ளுங்கள். கோபமாக இருக்கிறேன். அதோடு, சிரித்தால் இன்னும் வலிக்கிறது.

முதலிலிருந்து சொல்கிறேன்.

ஆன்சைட் என்று கம்பெனி அமெரிக்காவுக்கு அனுப்புகிற எல்லோருக்கும் ஒரு லிஸ்ட் கிடைக்கும். முதலில் எழுதிய புண்ணியவான் யாரென்று தெரியாது. சீனியரிடமிருந்து ஜூனியருக்கு மெயிலில் வந்துகொண்டே இருக்கும். மூக்குக்கண்ணாடி இரண்டு ஜோடி. மூன்று மாதத்துக்கு மாத்திரை. சின்ன குக்கர். புளி. கடைசியில் தடித்த எழுத்தில் — பல் வேலை எதுவாக இருந்தாலும் ஊரிலேயே முடித்துவிட்டு வரவும். இங்கே இன்ஷூரன்ஸ் பல்லைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

நல்ல பிள்ளைகள் சொத்தைப் பல்லை அடைத்துக்கொண்டு விமானம் ஏறினார்கள். நான் ஒரு படி மேலே போனேன். கிளிப் போட்டுக்கொண்டு ஏறினேன்.

சின்ன வயதிலிருந்தே என் கீழ்ப்பற்கள் மேலண்ணத்தில் போய் இடிக்கும். சாப்பிட்டு முடித்தால் அண்ணம் எரியும். எங்கள் வீட்டில் இதற்கு யாரிடமும் போனதில்லை. பல் டாக்டர் என்பவர் பல்லைப் பிடுங்குபவர், அவ்வளவுதான். பிடுங்க ஒன்றும் இல்லையென்றால் அவரிடம் என்ன வேலை? நான் சம்பாதிக்க ஆரம்பித்ததும், என் வாயை நானே சரிசெய்துகொள்வேன் என்று முடிவு செய்தேன். யாரையும் கேட்கவில்லை. லிஸ்ட்டும் சொல்லிவிட்டது, ஊரிலேயே முடி என்று.

கிளிப் என்பது முடித்துவிட்டு வருகிற வேலை இல்லை. ஆரம்பிக்கிற வேலை. இரண்டு வருஷம் நடக்கும். மாதம் தவறாமல் டாக்டர் பார்த்தாக வேண்டும். இது எனக்குத் தெரியாது.

சரி... டாக்டருக்குமா தெரியாது?

"சார், இன்னும் பத்து நாள்ல யு.எஸ். கிளம்பறேன்" என்று சென்னை டாக்டரிடம் சொன்னேன்.

"அப்படியா, வெரி குட். எந்த ஸ்டேட்?"

"டெக்சாஸ். அங்கே இதை யாரு சார் பார்ப்பாங்க?"

"யார்கிட்ட வேணும்னாலும் காமிச்சுக்கலாம்மா. கிளிப்பு எங்கே போனாலும் கிளிப்புதானே?"

"வலிக்குமா சார்?"

"சேச்சே. கொஞ்சம் டைட்டா இருக்கும்."

கொஞ்சம் டைட்டா இருப்பது என்றால் என்ன என்று விமானத்தில் தெரிந்தது. உணவுத் தட்டில் ஒரு உருண்டை ரொட்டி வந்தது. கடித்தேன். மேல்வரிசைப் பற்கள் மொத்தமும் ஒன்றாக எழுந்து நின்று கத்தின. ரொட்டியைப் பாலில் ஊறவைத்துச் சாப்பிட்டேன். பக்கத்து சீட் அம்மாள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

இந்த ஊரில் அதற்கு டிஸ்கம்ஃபர்ட், அதாவது அசௌகரியம் என்று பெயர். அங்கே டைட், இங்கே டிஸ்கம்ஃபர்ட். பல் டாக்டர்கள் வாயில் வலி என்ற சொல் மட்டும் வரவே வராதா? வலி இருப்பது நம் வாயில் என்பதாலா?

இரண்டு நாளில் அது அடங்கியது. பெருமைப்பட்டேன்! பொறுத்துக்கொள்வதில் எங்கள் வீட்டை யாரும் ஜெயிக்க முடியாது. என் உம்மா மேலப்பாளையத்தில் பீடி சுற்றி எங்களை வளர்த்தவள். விரல் நுனி வெடித்தால் அதன்மேல் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு அடுத்த இலையை எடுப்பாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். கல்லூரி, கம்ப்யூட்டர், விமானம் எல்லாவற்றிலும் முதல் ஆள். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது. படிப்பு நான் சம்பாதித்தது. பொறுமை உம்மா கொடுத்தது. இரண்டும் கையில் இருந்தால் எதையும் தாங்கலாம் என்று நினைத்தேன்.

மூன்றாவது மாதம் கம்பி வெளியே வந்தது.

இடது பக்கம், கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால். பற்கள் நகர நகர கம்பியின் முனை பின்பக்கம் நீண்டுகொண்டே போகும் என்பது பிறகுதான் தெரிந்தது. முதல் நாள் குண்டூசி உரசுவது போல இருந்தது. ஒரு வாரத்தில் கன்னத்தின் உட்புறம் மிளகு அளவுக்கு ஒரு குழி. நான் பேசினால் குத்தும். பேசாமல் எச்சில் விழுங்கினாலும் குத்தும். ரசம் பட்டால் கண்ணில் தண்ணீர் வரும். தயிர்சாதத்தை மிக்ஸியில் அடித்து ஸ்ட்ராவில் உறிஞ்சினேன். கம்பிமேல் ஒட்டச் சென்னையில் கொடுத்த மெழுகு தீர்ந்துபோய், சூயிங்கத்தை மென்று கம்பி முனையில் ஒட்டினேன். அது அரை மணி நேரம் நிற்கும். பிறகு வயிற்றுக்குள் போய்விடும்.

ஆபீஸில் காலை மீட்டிங்கில் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டேன். என் மேனேஜர் தனியாகக் கூப்பிட்டு, டீமில் யார்மேலாவது வருத்தமா என்று கேட்டார். நல்ல மனுஷன். என் கன்னம் வீங்கியிருப்பது மட்டும் அவர் கண்ணில் படவில்லை.

அந்த ஐந்து போர்டுகளுக்கும் போன் போட்டேன்.

"ஹனி, வேறே டாக்டர் ஆரம்பிச்ச கேஸை நாங்க எடுக்கறதில்லை" என்பதை ஐந்து விதமான இனிமையான குரல்களில் கேட்டேன். கேஸ் வேண்டாம், கம்பி முனையை மட்டும் வெட்டிவிடுங்கள், ஒரு நிமிஷ வேலை என்று கெஞ்சினேன். தொட்டால் பொறுப்பு எங்களுடையதாகிவிடும் என்றார்கள். ஒரு இடத்தில், பழைய டாக்டரிடமிருந்து எக்ஸ்ரேயும் சிகிச்சைக் குறிப்பும் கடிதமும் வாங்கி வந்தால் யோசிக்கலாம் என்றார்கள்.

காலிங் கார்டைச் சுரண்டி சென்னைக்குப் போன் செய்தேன்.

"லெட்டரா? அதெல்லாம் எதுக்கும்மா? டிசம்பர்ல லீவுக்கு வருவே இல்ல? அப்போ பாத்துக்கலாம்."

"இப்போ செப்டம்பர் சார். கன்னத்தில ஓட்டை விழுந்துடும் போலிருக்கு."

"அதுவரைக்கும் கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கோம்மா."

பல்லைக் கடிக்க முடிந்தால் நான் ஏன் ஐயா உமக்குப் போன் செய்கிறேன்?

இதற்கு நடுவில் ஒரு பிறந்தநாள் பார்ட்டி. அபார்ட்மென்ட் கிளப்ஹவுஸில் நம் மக்கள் ஐம்பது பேர். நான் கேக்கின் கிரீமை மட்டும் நக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு ஆன்ட்டி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஜன்னத், கிளிப்பா போட்டிருக்கே? கல்யாணம் எப்போ?"

"கல்யாணம் எல்லாம் இல்ல ஆன்ட்டி."

"பின்னே இந்த வயசுல எதுக்கு?"

சொன்னேன். அண்ணம், எரிச்சல், இப்போது கம்பி. ஆன்ட்டி ஒரு நொடி யோசித்தார்.

"நெயில் கட்டர் இருக்குமே. அங்கிள் காருல ஒண்ணு வச்சிருப்பார். கொண்டு வரச் சொல்லட்டா?"

அங்கிள் காரிலிருக்கும் நெயில் கட்டர்! எந்த விரலை எந்த வருஷம் வெட்டியதோ!

வேண்டாம் என்று எழுந்தபோது, எதிரே நின்றிருந்த ஒரு பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வயது இருக்கும். கல்யாணத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை.

"எத்தனை நாளா குத்துதுங்க?"

"மூணு வாரமா."

"மூணு வாரமா! வர்ற சனிக்கிழமை வீட்டுக்கு வாங்க."

அவர் பெயரை சுகந்தி என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் வேறு. காரணம் போகப்போகப் புரியும். ஈரோட்டுக்காரர். பல் மருத்துவர். சாதாரணப் பல் மருத்துவர் அல்ல, கிளிப் போடுவதிலேயே மேற்படிப்பு முடித்து, ஈரோட்டில் நான்கு வருஷம் சொந்த கிளினிக் நடத்தியவர். கல்யாணமாகி, கணவரின் விசாவில் ஒட்டிக்கொண்டு இங்கே வந்தார். அந்த விசாவில் அவர் வேலை செய்யக்கூடாது. டாக்டராக மட்டுமல்ல, கடையில் பில் போடக்கூட. மேலே டாக்டர் லைசன்ஸ் வேறு வேண்டும். அதற்கு இங்கே மறுபடி படிக்க வேண்டும், பரீட்சைகள் எழுத வேண்டும்.

சனிக்கிழமை போனேன். சுகந்தி டைனிங் டேபிளில் உட்காரவைத்து, கை வைக்காமல், தள்ளி நின்றே பார்த்தார். "ஆ காட்டுங்க. சரி. மூடிக்குங்க." அவ்வளவுதான். முகம் சுருங்கிவிட்டது.

"வெட்டிடலாங்க. என்கிட்ட கட்டர் இருக்குது. ஊர்லேர்ந்து வர்றப்போ என்னோட கருவி செட்டைப் பட்டுப்புடவைக்குள்ள சுத்தி எடுத்துட்டு வந்தேன்."

சோபாவிலிருந்து அவர் கணவர் எழுந்து வந்தார். செந்தில் என்று வைத்துக்கொள்வோம்.

"தப்பா எடுத்துக்காதீங்க. சுகந்தி கை வெக்க வேண்டாம்."

"ஒரு முனையை வெட்டறதுதானே சார்?"

"லைசன்ஸ் இல்லாம வாயில கை வெச்சா அது குத்தமுங்க. எங்களுக்கு கிரீன் கார்டு ப்ராசஸ் ஓடிட்டிருக்கு."

"நான் போய் கம்ப்ளெயின்ட் பண்ணுவேன்னு நினைக்கிறீங்களா?"

"நீங்க பண்ண மாட்டீங்க. நாளைக்கு இன்ஃபெக்ஷன் ஆகி ஹாஸ்பிடல் போனீங்கன்னா, யாரு வெட்டுனதுன்னு கேப்பாங்கல்ல? யோசிச்சா சுகந்தியும் வேண்டாம்னுதான் சொல்லுவா."

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"நான் அவங்களைக் கேட்டேன் சார். உங்களை இல்ல."

பேசியதில் கம்பி இன்னும் ஆழமாகக் குத்தி, வாயில் ரத்த ருசி வந்தது. இப்போது நினைத்தால் அவர் சொன்னது தப்பில்லை. பயப்பட அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. ஆனால் என் வாயில் கம்பி இருக்கும்போது அடுத்தவர் நியாயம் எனக்கு எப்படித் தெரியும்?

சுகந்தி உள்ளே போனார். பெட்டி திறக்கும் சத்தம். பிறகு சமையலறையில் அடுப்பு பற்றும் சத்தம். பிறகு... விசில்.

"சாப்பாடுதான் ஆயிடுச்சே? குக்கர்ல என்ன?" என்றார் செந்தில்.

"கட்டருங்க."

"என்னது?"

"கட்டர் வேகுதுங்க. நாலு விசில் வரணும். ஈரோட்டுல கிருமி நீக்கற மெஷின் ரிப்பேரானா நாங்க இப்படித்தான் பண்ணுவோம்." துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். "நான் கை வெக்கலீங்க. அவங்க வாய், அவங்களே வெட்டிக்கட்டும். நான் பக்கத்துல நின்னு பேசத்தானே போறேன்? பேசறதுக்கும் லைசன்ஸ் வேணுங்களா?"



அப்படித்தான் அந்தக் குளியலறைக்குப் போய்ச் சேர்ந்தேன். நன்றாகச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவச் சொன்னார். கட்டர் ஆறியிருந்தது. வளைந்த மூக்குள்ள சின்னக் குறடு. வெட்டிய துண்டைத் தானே பிடித்துக்கொள்ளும், தொண்டைக்குள் விழாது என்றார்.

"இடது பக்கமுங்க. இல்ல, அது வலது. கண்ணாடியில மாறித் தெரியும். உங்க கையைப் பாக்காதீங்க, பல்லைப் பாருங்க. இன்னும் பின்னால. அது நாக்குங்க!"

"இருட்டா இருக்கு. ஒண்ணுமே தெரியல."

சுகந்தி டார்ச்சை எடுத்தார். ஒரு கணம் நின்றார். டார்ச் பிடிப்பது எந்தப் பக்கம் சேர்த்தி? சிகிச்சையா, பேச்சா? அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

பின்னாலிருந்து ஒரு கை நீண்டு அந்த டார்ச்சை வாங்கியது.

"நான் புடிக்கறேன்" என்றார் செந்தில். "ஐ.டி. ஆளு டார்ச் புடிச்சா எவனும் கேக்க மாட்டான். எங்கே அடிக்கணும்?"

"கொஞ்சம் மேலே. அப்படியே ஆடாம நில்லுங்க. ஏங்க, அந்தப் பக்கம் ஏன் திரும்பறீங்க?"

"எனக்கு ரத்தம் பார்த்தா ஆவாது, தெரியும்ல?"

கட்டரின் மூக்கைக் கம்பிமேல் நிறுத்தினேன். குழியில் பட்டுவிட்டது. கால் கட்டைவிரல் வரை ஓடியது அந்த வலி. "நிறுத்தாதீங்க, இன்னும் ஒரு மில்லிமீட்டர் உள்ளே. பல்லோட ஒட்டி. இப்போ அமுக்குங்க!" அமுக்கினேன்.

க்ளிக்.

கட்டரின் நுனியில் அரை அரிசி நீளத்துக்கு ஒரு கம்பித் துண்டு. அவ்வளவுதான். மூன்று வாரம் என்னைப் பேசவிடாமல், தின்னவிடாமல், தூங்கவிடாமல் செய்தது அந்த அரை அரிசி. நாக்கால் தடவிப் பார்த்தேன். எதுவும் குத்தவில்லை. அழுகை வந்தது. நிம்மதியில் இல்லை. ஆத்திரத்தில்.

சுகந்தி உப்புத் தண்ணீர் கொடுத்தார். கொப்பளித்தேன்.

"பல்லு நகர்றப்போ வலிக்குமுங்க. ரெண்டு நாள், மூணு நாள். அது வந்தாகவேண்டிய வலி" என்றார். "இது அது இல்லீங்க. மாசாமாசம் பாத்திருந்தா இந்த முனையை எப்பவோ வெட்டியிருப்பாங்க. பாக்க ஆளில்லாம விட்டதுனால வந்தது. இதைப் போயி ஏன் பொறுத்தீங்க?"



உங்களுக்குத் தெரியும், நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். தப்பு கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். திரையில் ஒரு பட்டன் இரண்டு புள்ளி நகர்ந்திருந்தால் ஆறு பேருக்கு மெயில் போடுவேன். ஆனால் ஒரு டாக்டர் நாற்காலியில் சாய்ந்ததும், எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போகாத அத்தனை பேரும் எனக்குள் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். படித்தவர் சொல்கிறார், தலையாட்டு. வலித்தால் அது மருந்து, பொறுத்துக்கொள். மாதாமாதம் யார் பார்ப்பார்கள் என்று எழுதிக் கொடுங்கள் சார் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால்? நானும்தானே படித்தவள்! உம்மா பொறுத்தது வேறு வழியில்லாமல். அதைக் குடும்பச் சொத்து என்று நினைத்துக் கன்னத்தில் ஓட்டை போட்டுக்கொண்டேனே, அந்தக் கோபம்தான் பெரிய கோபம்.

இன்னொரு கோபமும் இருக்கிறது. யோசித்துப் பாருங்கள். அந்தக் குளியலறையில் மூன்று பேர். ஒருவர் இதே வேலையை நூற்றுக்கணக்கான வாய்களில் கண்ணை மூடிக்கொண்டு செய்தவர். மற்ற இருவருக்கும் ஒன்றும் தெரியாது. கட்டர் யார் கையில்? டார்ச் யார் கையில்? தெரிந்த கையைக் கட்டிப்போட்டுவிட்டு, தெரியாத கைகளை விட்டிருக்கிறோம். டாக்டர் பற்றாக்குறை என்று இந்த ஊரே புலம்புகிறது. புலம்பல் கேட்கும் தூரத்தில், எத்தனை அபார்ட்மென்ட்களில் எத்தனை சுகந்திகள் மதியம் இரண்டு மணிக்குத் துணி மடித்துக்கொண்டிருக்கிறார்கள்?

கிளம்பும்போது ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். என் வாயில் என்ன இருக்கிறது, எந்தக் கம்பி, எந்தப் பல் எவ்வளவு நகர்ந்திருக்கிறது, அடுத்து என்ன பார்க்கவேண்டும். சென்னை டாக்டர் எழுதாத கடிதம், பார்த்த மாத்திரத்தில் ஒரு பக்கம். "பல் மருத்துவக் காலேஜ் எங்கே இருக்குன்னு பாருங்க. அங்கே கிளினிக் இருக்கும். மாணவங்க பாப்பாங்க, ப்ரொஃபஸர் கூட நிப்பாங்க. பாதியில வந்த கேஸுன்னா அவங்களுக்குப் படிப்புங்க, துரத்த மாட்டாங்க."

துரத்தவில்லை. வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு, மேப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு, ஃப்ரீவேயில் இரண்டு எக்ஸிட் தவறவிட்டுப் போய்ச் சேர்ந்தேன். கவுன்ட்டரில் ஒரு பெண் ஃபாரம் நீட்டினாள். பெயர், முகவரி, அலர்ஜி, ஆஸ்துமா. கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி. உங்களை இங்கே அனுப்பியதற்கு நாங்கள் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும்?

பேனா நின்றது. வராந்தாவுக்குப் போய் சுகந்திக்குப் போன் செய்தேன். உங்கள் பெயரை எழுதினால் ஏதாவது தொந்தரவு வருமா என்று கேட்டேன்.



"வழி சொல்றதுல என்னங்க குத்தம்? எழுதுங்க" என்றார். பிறகு, "முன்னால டாக்டர்னு சேத்து எழுதுங்க."

கொட்டை எழுத்தில் எழுதினேன். டாக்டர் என்பதை முழுசாக எழுதினேன், புள்ளி வைத்துச் சுருக்கவில்லை. கவுன்ட்டர் பெண் வாங்கிப் படித்துவிட்டு, "இவர் எந்த கிளினிக்?" என்று கேட்டாள்.

"இப்போதைக்கு எதுவும் இல்லை. அது அவர் தப்பில்லை" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு ஃபாரத்தைக் கோப்பில் வைத்தாள். நான்கு பக்க ஃபாரம். நன்றி சொல்ல ஒரு கோடு விட்டிருக்கிறார்கள். யார்மேல் கோபம் என்று எழுத ஒரு இடமும் விடவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.